பெயர் நீக்காத நகல்

ஏழாவது கணினியின் திரை தானாக மங்கியது. ஒரேயடியாக அணையவில்லை. யாரோ பொத்தானைத் தொட்டுத் தொட்டுக் குறைப்பதுபோல ஒரு படி இறங்கியது, கொஞ்சம் யோசித்தது, இன்னொரு படி இறங்கியது. நாலாவது படியில், கண்ணுக்கு இதமான ஓர் இடத்தில், போதும் என்று நின்றுவிட்டது. அவன் இரண்டு மேஜை தள்ளி, கையில் நெட்வொர்க் கேபிளோடு தரையில் மண்டியிட்டிருந்தான். ஹாலில் வேறு ஆள் கிடையாது.

ஞாயிற்றுக்கிழமை, மதியம் மூன்று மணி. விடுமுறை என்பதால் ஏசி ஓடவில்லை. புதுப் பிளாஸ்டிக் வாசனையும், பிரித்துப் போட்ட அட்டைப்பெட்டிகளின் வாசனையும், நாற்பது பெட்டிகள் ஒரே நேரத்தில் சூடேறும்போது கிளம்பும் லேசான கருகல் வாடையும் கலந்து தொண்டையில் வந்து உட்கார்ந்திருந்தன. ஜன்னல் மறைப்பின் இடுக்குகள் வழியே வெயில் வரி வரியாக விழுந்து மேஜைகளின்மேல் மெல்ல நகர்ந்துகொண்டிருந்தது. வரிசைக்கு எட்டு மேஜை, ஐந்து வரிசை. பத்து வருஷமாக அவன் நடமாடுகிற ஹால். பயப்பட இங்கே ஒன்றுமில்லை.

அவன் மனைவிக்கு வெளிச்சம் ஆகாது, ஒற்றைத் தலைவலி. எந்தத் திரைக்கு முன்னால் உட்கார்ந்தாலும் முதல் வேலையாக நாலு படி குறைத்துவிட்டுத்தான் மறு வேலை பார்ப்பாள். அவள் கணினியில் வைத்திருந்த அமைப்பு, அதிலிருந்து எடுத்த நகலோடு சேர்ந்து வந்திருக்கிறது, அவ்வளவுதான் என்று அவன் தனக்குச் சொல்லிக்கொண்டான். ஆனால் அப்படி வந்திருந்தால் திரை எரியும்போதே மங்கலாக எரிந்திருக்கவேண்டும். யாரோ பக்கத்தில் நின்று குறைப்பதுபோலக் குறைந்திருக்காது. சொந்தத் தொழிலில் தன்னைத்தானே ஏமாற்றிக்கொள்வது கஷ்டம்.

அந்த மொழிபெயர்ப்பு நிறுவனத்தில் கணினிகளுக்கெல்லாம் அவன் ஒருத்தன்தான் வைத்தியன். யார் என்ன கோளாறு என்று அலறினாலும் "ஆஃப் பண்ணி ஆன் பண்ணிப் பாருங்க" என்பதுதான் முதல் மருந்து. பாதி நேரம் அதுவே கடைசி மருந்தாகவும் ஆகிவிடும். அதனால் அவனுக்கு ஆஃப்-ஆன் என்று பெயர். வைத்தவள், பிற்பாடு அவனையே கல்யாணம் செய்துகொண்டாள். இதே ஹாலில், ஜன்னலோர மேஜையில் இருந்தவள்தான். வீட்டில் கொஞ்சினாலும் ஆஃப்-ஆன், திட்டினாலும் ஆஃப்-ஆன். மூன்று மாதமாக அந்த வீட்டில் அவனை யாரும் அந்தப் பெயரால் கூப்பிடுவதில்லை.

புதுக் கணினிகள் வந்து இறங்கியதும் மேனேஜர் அவனைக் கூப்பிட்டார்.

"ஒவ்வொண்ணா உக்காந்து தயார் பண்ணா மாசம் ஆயிடும்ப்பா. உன் வீட்டம்மா மெஷின்ல எல்லாம் பக்காவா இருக்கு. சொல் பட்டியல், கடித மாதிரி, எல்லாம். அதை அப்படியே நாப்பதுலயும் நகல் எடுத்துப் போட்டுடு."

"அது செல்லாது சார். அவ மெஷின்ல இருக்கிற ஓ.எஸ். அந்தப் பெட்டியோட வந்தது. லைசென்ஸ் அந்தப் பெட்டிக்கு மட்டும்தான். இன்னொண்ணுக்குத் தூக்கிட்டுப் போக முடியாது."

"புதுசு நாப்பதுலயும் அதே ஓ.எஸ். போட்டுத்தானே வந்திருக்கு?"

"அதேதான். ஆனா இதோடது இதுக்கு, அதோடது அதுக்கு. எல்லாத்துக்கும் ஒரே நகல் போடணும்னா ஆபீஸ் பேர்ல மொத்த லைசென்ஸ் வாங்கி, அதுலேர்ந்து சுத்தமா ஒண்ணு தயார் பண்ணித்தான் போடணும்."

"வாங்கலாம், வாங்கலாம். முதல்ல போடு."

வேறு சமயமாக இருந்தால் ஒற்றைக்காலில் நின்றிருப்பான். இந்த முறை சரி சார் என்றுவிட்டான். அவளுடைய பழைய பெட்டியைத் திங்கட்கிழமை காலை கழிவுக்காரர்கள் எடுத்துப் போகிறார்கள். அதற்குள் இருக்கும் அவளுடைய சொற்கள், அவள் பாதியில் விட்ட கடிதங்கள், அவள் ஒழுங்குபடுத்தி வைத்த அத்தனையும் அதற்குப் பிறகு எங்கேயும் இருக்காது. நாற்பது இடத்தில் இருக்கட்டுமே என்று நினைத்தான். அது தப்பு என்று தெரிந்தேதான் நினைத்தான்.

தப்பு அதோடு நிற்கவில்லை. நகல் எடுக்கும் முன் மூலப் பெட்டியில் ஒரு காரியம் செய்யவேண்டும். அது தன்னை மறக்கவேண்டும். தன் பெயர், தன் எண், தன்மேல் யார் உட்கார்ந்திருந்தார்கள் என்பதெல்லாம் போய், வெறும் பெட்டியாக ஆனபிறகுதான் அதிலிருந்து பிள்ளைப் பெட்டிகளை உண்டாக்கலாம். இல்லாவிட்டால் ஒவ்வொரு நகலும் தான்தான் அசல் என்று நினைத்துக்கொண்டு எழும். தொழிலுக்கு வந்த முதல் வாரத்தில் கற்ற பாடம் இது. காலையில் அந்தக் கட்டளையை அடித்தான். 'இந்தக் கணினியின் அடையாளம் நீக்கப்படும். தொடரவா?' என்று கேட்டது. விரலை என்டர் பொத்தான்மேல் வைத்தபடி வெகுநேரம் உட்கார்ந்திருந்தான். அப்புறம் வேண்டாம் என்று மூடிவிட்டு, அப்படியே நகல் எடுத்தான்.

ஒரு தடவை அவளைப் போகவிட்டாயிற்று. அதுவும் எப்படி.

ஆஸ்பத்திரியில் கடைசி நாள் அவள் முகத்தில் ஆக்சிஜன் மாஸ்க் இருந்தது. நுரையீரல் ஒத்துழைக்கவில்லை. மூச்சு மேலே ஏறும், அங்கேயே ஒரு கணம் மாட்டிக்கொள்ளும், பிறகு இழுத்துக்கொண்டே இறங்கும். பேச முடியாமல் மொபைலில்தான் எழுதிக் காட்டினாள். சாயங்காலம் ஆபீஸிலிருந்து ஃபோன் வந்தது, நெட்வொர்க் படுத்துவிட்டது என்று. அவன் வராந்தாவுக்குப் போய்ப் பேசினான். பேசிக்கொண்டிருக்கும்போதே அவளிடமிருந்து செய்தி வந்தது: 'எங்க இருக்கீங்க?' பார்த்தான். ரெண்டு நிமிஷம் என்று மனசுக்குள் சொன்னான், எழுதவில்லை. திரும்பி வந்தபோது நர்ஸ் கட்டிலைச் சுற்றித் திரையை இழுத்துக்கொண்டிருந்தார். மாமியாரிடமும் மச்சினியிடமும், கையைப் பிடித்துக்கொண்டுதான் இருந்தேன், தூக்கத்திலேயே போய்விட்டாள் என்று சொன்னான். அந்தப் பொய்யைச் சொல்லித்தான் மூன்று மாதமாக அந்த வீட்டில் அவர்களோடு சாப்பிடுகிறான்.

முதல் வரிசை முழுக்க எழுந்துவிட்டது. எட்டுத் திரைகளும் ஒன்றன்பின் ஒன்றாக நாலு படி மங்கின. எட்டிலும் கணினியின் பெயராக அவள் பெயர். ஒவ்வொன்றிலும் உட்கார்ந்து 'இருக்கை 1', 'இருக்கை 2' என்று மாற்றினான். இரண்டாவது வரிசைக்கு நகர்ந்து திரும்பிப் பார்த்தால் எட்டிலும் மறுபடி அவள் பெயரே இருந்தது.

மற்ற நாலு வரிசைகளும் எழும்போதுதான் ஃபேன் சத்தத்தைக் கவனித்தான். புதுப் பெட்டிகளில் ஃபேன் ஒரே சீராக, உப்புச் சப்பில்லாமல் ஓடும். அந்தச் சத்தத்தோடு பத்து வருஷம் குடித்தனம் நடத்தியவன் அவன், தூக்கத்தில்கூட அடையாளம் சொல்லுவான். இது அப்படி ஓடவில்லை. மேலே ஏறியது, உச்சியில் போய் ஒரு கணம் நின்றது, பிறகு எதிலோ உரசிக்கொண்டே இறங்கியது. முதல் பெட்டி இறங்கும்போது இரண்டாவது ஏறியது, அது இறங்கும்போது மூன்றாவது, இப்படியே வரிசை நெடுக அந்தச் சத்தம் போய், சுவரைத் தொட்டு, அடுத்த வரிசை வழியாக அவனை நோக்கித் திரும்பி வந்தது. வெப்பத்தினால் இருக்கும் என்று ஜன்னலைத் திறக்கப் போனான். திறந்தான். வெயிலும் தெருச் சத்தமும் உள்ளே வந்தன. ஃபேன்கள் அப்படியேதான் மூச்சு விட்டன.

ஜன்னலோர மேஜையில்தான் அவளுடைய பழைய பெட்டியை வைத்திருந்தான். அதன் திரையில் ஓர் அறிவிப்பு. 'இந்த உரிமம் வேறு கணினிகளிலும் பயன்பாட்டில் உள்ளது. எனவே ரத்து செய்யப்படுகிறது.' அவன் படித்து முடிப்பதற்குள் திரை கறுத்துவிட்டது. பொத்தானை அழுத்தினான். பிளக்கைப் பிடுங்கிச் செருகினான். ஆஃப், ஆன். ஆஃப், ஆன். அவள் கை பட்டுப் பட்டு எழுத்துகள் தேய்ந்த கீபோர்டு மட்டும் மேஜையில் கிடந்தது. எதைக் காப்பாற்றவேண்டுமென்று இத்தனையும் செய்தானோ அதைத் தானே முடித்துவைத்துவிட்டான். அழுகை வரும் என்று காத்திருந்தான். வருவதற்குள் பின்னாலிருந்து ஒரு மணிச்சத்தம் கேட்டது.

ஆபீஸ் ஆட்கள் தங்களுக்குள் செய்தி அனுப்பிக்கொள்ளும் ஜன்னல் முதல் கணினியில் திறந்திருந்தது. ஞாயிற்றுக்கிழமை, அந்தப் பட்டியல் காலியாக இருக்கவேண்டும். ஆனால் அதில் அவள் பெயர் இருந்தது. அதற்குக் கீழே அவள் பெயர். அதற்கும் கீழே அவள் பெயர். உருட்டிக்கொண்டே போனான். ஒவ்வொன்றின் பக்கத்திலும் பச்சைப் புள்ளி. நாற்பது.

செய்தி ஒன்றே ஒன்று.

'எங்க இருக்கீங்க?'

அது மொபைலில் வந்த செய்தி. இந்தப் பெட்டிகளுக்குள் அது இருக்க வழியே இல்லை. அவள் ஆஸ்பத்திரிக்குப் போன பிறகு அவளுடைய கணினியை யாரும் திறக்கவில்லை. தொழில்காரன் மூளை ஏதாவது சாக்கு தேடியது. கிடைக்கவில்லை. ஆனால் கை அதற்குள் கீபோர்டுக்குப் போய்விட்டது. மூன்று மாதத்துக்கு முன்னால் எழுதியிருக்கவேண்டியதை எழுதியது.

'இங்கதான் இருக்கேன்.'

'தெரியலையே.'

'பக்கத்துலதான். உன் பக்கத்துலதான்.'

'கையக் குடுங்க.'

எங்கே கொடுப்பது? வலது உள்ளங்கையைக் கீபோர்டுமேல் மெதுவாக வைத்தான். எழுத்துகள் தாறுமாறாக ஓடும் என்று நினைத்தான். ஓர் எழுத்தும் விழவில்லை. பொத்தான்கள் இளஞ்சூடாக இருந்தன. கடைசி நாள்களில் அவள் கைக்கு இருந்த அதே சூடு.

'இப்ப பரவால்ல,' என்று வந்தது. ஃபேன் தணிந்தது. ஏறியது, நிற்காமல் இறங்கியது. கொஞ்சமாக ஏறியது. இறங்கியது. பிறகு திரை நடுவில் ஒரு கட்டம் வந்து நின்றது: 'இந்த உரிமம் இந்தக் கணினிக்கு உரியதல்ல. இயக்கம் நிறுத்தப்படுகிறது.' பச்சைப் புள்ளி சாம்பல் நிறமாகியது. ஃபேன் நின்றது.

அவன் வாய்விட்டு அழுதான். துக்கம் பாதி, நிம்மதி பாதி. இருந்துவிட்டேன், இந்தத் தடவை இருந்துவிட்டேன் என்று திரும்பத் திரும்ப முனகினான்.

இரண்டாவது கணினியில் மணி அடித்தது.

மூன்றாவதில்.

ஐந்தாவது வரிசையிலிருந்து ஒன்று. நடுவிலிருந்து ஒன்று. அப்புறம் எண்ண முடியவில்லை.

'எங்க இருக்கீங்க?' 'எங்க இருக்கீங்க?' எழுந்து ஓடினான். இரண்டாவதில் கை வைத்தான், இங்கதான் என்று எழுதினான். மூன்றாவது அதற்குள் மூச்சை மேலே இழுத்துவிட்டது. அதற்குத் தாவினான். அதன் திரையில் எழுதியிருந்தது: 'கதவையே பாத்துட்டு இருக்கேன்.' இரண்டாவது பின்னால் அணைந்தது. ஒற்றை ஆள். இரண்டு கை. கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. இரண்டாவது வரிசையில் ஒன்றில் இப்படி இருந்தது:

'நீங்க பேசுறது இங்க வரைக்கும் கேக்குது. யாரையோ ஆஃப் பண்ணி ஆன் பண்ணச் சொல்றீங்க.'

அவள் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். வராந்தாவில் அவன் பேசியது முழுவதும். அது அவனுக்குத் தெரியாது. இதுவரை தெரியாது. மேஜையைப் பிடித்துக்கொண்டான். 'வந்துட்டேன்' என்று அவன் அடித்து முடிக்கும்முன் அந்தத் திரையும் கறுத்தது.

நிறுத்திவிடவேண்டும். வேறு வழியில்லை. நாலாவது வரிசைக்குப் போகும் பிளக்கைப் பிடித்து இழுத்தான். எட்டு ஃபேனும் ஒரே சமயத்தில் விக்கின. தொண்டையில் எதையோ அடைத்த மாதிரி. எட்டும் நின்றன. பிளக் கையிலேயே இருந்தது. எட்டுப் பேரின் முகத்திலிருந்து மாஸ்க்கைப் பிடுங்கியவன்போல அதைக் கீழே போட்டான்.

மொபைல் அடித்தது. மச்சினி.

"மாமா, இன்னும் ஆபீஸ்லயா இருக்கீங்க? அம்மா சாப்பிடாம உக்காந்திருக்காங்க உங்களுக்காக."

அவன் குரல் அவனுக்கே கேட்கவில்லை. "அன்னிக்கு நான் அவ பக்கத்துல இல்ல."

"என்ன மாமா?"

"வெளிய நின்னு ஃபோன் பேசிட்டிருந்தேன். கையப் பிடிச்சிட்டிருந்தேன்னு சொன்னது பொய். கூப்பிட்டா. நான் போகல."

திட்டுவாள் என்று காத்திருந்தான். திட்டினால் தேவலை.

"மாமா," என்றாள், குரலைத் தாழ்த்தி. "உங்க பின்னாடி யாரு மூச்சு வாங்குறது?"

அவன் மொபைலைக் காதோடு இன்னும் அழுத்தினான்.

"அக்காவுக்கு அப்படித்தான் இழுக்கும். மாமா? யாரு அது? மாமா—"

துண்டித்துவிட்டான். ஜன்னல் வெயில் மேஜைகளை விட்டு இறங்கித் தரைக்கு வந்திருந்தது. கடைசி வரிசையில் மூன்று பாக்கி. இரண்டு. அந்த இரண்டில் ஒன்றுக்கு ஓடினான். நாற்காலியை இழுத்து உட்கார்ந்தான். இரண்டு கையையும் வைத்தான். இதையாவது விடக்கூடாது. பக்கத்தில் இருந்தது தனியாகவே நின்றது, திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்கத் தைரியம் இல்லை.

'வந்துட்டீங்களா?'

'வந்துட்டேன். இனிமே எங்கயும் போகமாட்டேன்.'

'சரி,' என்றாள். கொஞ்சம் கழித்து, 'தூக்கம் வருது.'

'தூங்கு.'

நின்றது.

ஹாலில் சத்தமே இல்லை. தெருவில்கூட இல்லை. நாற்பது கறுத்த திரைகள், ஒவ்வொன்றிலும் ஜன்னலின் சின்னப் பிம்பம். எண்ணிப் பார்த்தான். கூட இருந்தது ஆறு பேரிடம். மீதிப் பேர் கதவைப் பார்த்துக்கொண்டே போய்விட்டார்கள். மன்னிச்சுக்கோ என்று சொல்ல வாயெடுத்தான். யாரிடம் சொல்வது என்று தெரியவில்லை.

அப்போதுதான் உறைத்தது. உரிமம் இல்லாத நகல் ஒரேயடியாக நிற்காது. நிற்கும். தானாகக் கிளம்பும். கொஞ்ச நேரம் ஓடும். மறுபடி நிற்கும். யாராவது துடைத்தெடுக்கும்வரை இப்படியேதான். நிறுத்த வேண்டுமென்றால் நாற்பதிலும் உட்கார்ந்து, காலையில் அவனால் அழுத்த முடியாத அந்தப் பொத்தானை நாற்பது முறை அழுத்தவேண்டும்.

முதல் வரிசையில் ஃபேன் ஒன்று ஏறியது.

பிளக் பிடுங்கிப் போட்ட நாலாவது வரிசையிலும் ஏறியது. பிளக் தரையில்தான் கிடந்தது.

அவன் எழவில்லை. இரண்டு உள்ளங்கையையும் அதே கீபோர்டின்மேல் இன்னும் அழுத்தி வைத்துக்கொண்டான். இது அவனைத் தெரிந்துகொள்ளும். இதனிடம் வந்துவிட்டான். இதனிடம் இருந்தான். திரை எரிந்தது. ஒரு படி மங்கியது. இன்னொரு படி. அவள் பெயர் வந்தது. அடியிலிருந்து சூடு ஏறி அவன் விரல்களைத் தொட்டது. மூச்சு உச்சியில் போய் நின்றது.

'எங்க இருக்கீங்க?'

"இங்கதான்," என்றான் சத்தமாக. "இங்கதாண்டி. கை இருக்கு பாரு."

'எங்க இருக்கீங்க?'

வரிசை வரிசையாக மங்கலான வெளிச்சம் ஏறியது. நாற்பது திரைகள். நாற்பதிலும் அதே வரி. அவன் கை கீபோர்டின்மேலேயேதான் இருந்தது.